மதர்போர்டு மாற்றி விண்டோஸ் போடும்போது எங்கே சறுக்குகிறது?

ரேம் கூட்டினாலோ கிராபிக்ஸ் கார்டு மாற்றினாலோ விண்டோஸை அழித்துப் போட வேண்டியதில்லை. மதர்போர்டு மாறும்போதுதான் புதிதாகப் போடுவது நல்லது. அதிலும் பெரிய தவறுகள் பழைய போர்டைக் கழற்றும் முன்பே நடந்துவிடுகின்றன.

முதல் தவறு, டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரை மறப்பது. “நான் அதை ஆன் செய்யவே இல்லையே” என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல கணினிகளில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். பூட்டைத் திறக்கும் சாவியைக் காப்பது டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி; அது மதர்போர்டிலோ பிராசசரிலோ இருக்கும். போர்டு மாறினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் அந்த டிரைவில் இருக்கும் படங்களும் கோப்புகளும் போனதுதான். பழைய போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை எழுதி வையுங்கள், அல்லது பிட்லாக்கரை முழுவதும் நீக்கிவிடுங்கள். ஏஎம்டி பிராசசரை மட்டும் மாற்றினாலும், எஃப்டிபிஎம்மை (பிராசசருக்குள் இருக்கும் டிபிஎம்) ரீசெட் செய்யலாமா என்று திரையில் கேட்கும்போது அவசரப்பட்டு ஒய் அழுத்தாதீர்கள். சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

உரிமமும் போர்டோடு கட்டுண்டது. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமம் என்றால், மாற்றுவதற்கு முன்பே அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் புதிய போர்டுக்கு வராது.

இனி, இரண்டு மூன்று டிரைவ்களை மாட்டி வைத்தபடியே விண்டோஸ் போடுவது. இதன் விளைவு அன்றைக்குத் தெரியாது. நீங்கள் புதிய எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தாலும், பழைய டிரைவில் ஏற்கெனவே இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் கோப்புகளுக்கான தனிப் பகுதி) இருந்தால் பூட் கோப்புகள் அங்கே போய் உட்கார்ந்துவிடக்கூடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிரைவைக் கழற்றும் நாளில் கணினி பூட் ஆகாது. தவறான டிரைவை அழிக்கும் ஆபத்து வேறு. விண்டோஸ் போக வேண்டிய டிரைவைத் தவிர மற்றவற்றின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.

விண்டோஸ் போடும் பென்டிரைவ் குறைந்தது 8 ஜிபி வேண்டும். அதில் உள்ளது எல்லாம் அழியும். பயாஸில் புதிய பூட் முறையான யுஇஎஃப்ஐயிலேயே அதை பூட் செய்யுங்கள். டிரைவ் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் முறை) என்று பிழை வந்தால் அதன் பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கி, காலி இடத்தைத் தேர்ந்தெடுங்கள், புதிய முறையான ஜிபிடியாக மாறிவிடும். பேக்கப் இருந்தால் மட்டும். 11ஆம் தலைமுறை முதலான இன்டெல்லில் டிரைவே பட்டியலில் காணவில்லையா? டிரைவ்களை நிர்வகிக்கும் இன்டெல்லின் விஎம்டி வசதிக்கான டிரைவரை ஏற்றுங்கள், அல்லது பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுங்கள்.

புதிய போர்டின் வைஃபை டிரைவர் பல சமயம் விண்டோஸில் இருக்காது. விண்டோஸ் 11 செட்டப்போ இணையம் இல்லாமல் நகராது. லேன், வைஃபை டிரைவர்களை முன்பே இன்னொரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

ரேமின் வேகத்தைக் கூட்டும் பயாஸ் அமைப்புகளான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டையும் அணைத்தே விண்டோஸ் போடுங்கள். ரேம் அந்த வேகத்துக்குத் தாங்கவில்லை என்றால் கோப்புகள் காப்பி ஆகும்போதே சிதையும். பழி எஸ்எஸ்டி மேல் விழும். டிரைவர்கள் எல்லாம் ஏறி, ஆக்டிவேஷனும் சரியான பிறகு அதை ஆன் செய்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள்.