பேலர் கட்டின வைக்கோலை வெளியில வச்சு மழைக்காலம் தாண்டுறது எப்படி

தைல சம்பா அறுத்துட்டு பேலர் (வைக்கோலை அள்ளி கட்டா கட்டுற மிஷின்) விட்டு கட்டின வைக்கோலை அடுத்த தை வரைக்கும் மாட்டுக்கு காப்பாத்தணும், நடுவுல ஐப்பசி கார்த்திகை அடைமழை இருக்கு, கொட்டகை இல்லாதவங்க தார்ப்பாய நம்பித்தான் இருக்கோம். தப்பா மூடினா அந்த தார்ப்பாயே வைக்கோலை கெடுத்துரும், அதான் எழுதுறேன்.

முதல்ல காய்ச்சல். மிஷின் அறுத்த கையோட பேலர் வந்து நிக்குதேன்னு கட்டிடாதீங்க, ரெண்டு மூணு நாள் வெயில்ல கிடக்கட்டும், கட்டுற அன்னிக்கும் பனி ஈரம் போன பிறகு கட்டச் சொல்லுங்க. ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பாருங்க, படபடன்னு ஒடியணும், கயிறு மாதிரி வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. 15 சதவீதத்துக்குள்ள ஈரம் இருந்தா கவலையில்ல. ஈரத்தோட கட்டினா உள்ளுக்குள்ள சூடு ஏறி பூஞ்சணம் பிடிக்கும், சில சமயம் தானா தீயே பிடிச்சுக்கும். அதனால கட்டின புதுசுல ரெண்டு வாரம் மூடாம வச்சு, அப்பப்ப கட்டுக்குள்ள கைய விட்டுப் பாருங்க, வெக்கை அடிச்சா அந்த கட்ட பிரிச்சு காய வச்சிருங்க.

இடம் மேடா இருக்கணும், வீட்டையும் கரண்டு கம்பியையும் விட்டு தள்ளி இருக்கணும். வெறும் தரையில அடுக்காதீங்க, கல்லு வச்சு மேல சவுக்கு கம்பு பரப்பி ஒரு அடி உயர்த்திக்குங்க, கீழ காத்து ஓடணும். அடியில அஞ்சு கட்டுன்னா அதுக்கு மேல நாலு, மூணுன்னு குறைச்சுகிட்டே போயி கூரை மாதிரி கொண்டு வாங்க, உச்சி தட்டையா இருந்தா தண்ணி தேங்கி ஷீட்டு தொங்கிரும்.

இப்ப ஷீட்டு. நான் முத வருஷம் நாலு பக்கமும் தரை வரைக்கும் இழுத்து சுத்தி, ஓரத்துல மண்ணு போட்டு அமுக்கிட்டேன். ஒரு சொட்டு மழைத்தண்ணி உள்ள போகல, ஆனா கார்த்திகைல பிரிச்சா மேல் வரிசை முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கு, மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கிச்சு. பிளாஸ்டிக்கு உள்பக்கம் வேர்க்கும், அந்த வேர்வை சொட்டித்தான் அவ்வளவும் போச்சு. பச்சைப்புல்லை ஊறுகாய்ப்புல்லா (சைலேஜ், புளிக்க வச்சு சேமிக்கிற தீவனம்) போடுறதுக்குத்தான் காத்து போகாம சுத்தணும், காய்ஞ்ச வைக்கோலுக்கு ஷீட்டு குடை மாதிரி மேல இருந்தா போதும். கட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல தென்னங்கீற்று இல்லன்னா உதிரி வைக்கோல் கனமா பரப்புங்க, சொட்டுறத அது வாங்கிக்கும். அடியில ஒரு அடி திறந்தே இருக்கட்டும், சாரல் அடிக்காத பக்கம் முகப்பையும் மூடாதீங்க.

மெல்லிசு ஷீட்டு வாங்காதீங்க, சித்திரை வெயில்ல பொடிஞ்சிரும், வெயிலோட யூவி கதிர் தாங்குற கனமான சில்பாலின் தார்ப்பாயா கேட்டு வாங்குங்க. குறுக்க கயிறு போட்டு ரெண்டு முனையிலயும் மணல் மூட்டை தொங்க விடுங்க, காத்துல ஷீட்டு படபடத்தா அங்கதான் முதல்ல கிழியும். 2018 கஜா மாதிரி புயலுக்கு இதெல்லாம் நிக்காது, சாதாரண மழைக்காத்துக்கு தாங்கும்.

எடுக்கும்போது ஒரு முனையிலேருந்தே எடுங்க, எடுத்த இடத்த அப்பவே மூடிருங்க. பூஞ்சணம் பிடிச்ச கட்ட உதறிப் போட்டா சரியாயிடும்னு மாட்டுக்கு போடாதீங்க, அந்த நஞ்சு பால் வரைக்கும் வரும். எருக்குழியில போட்டுருங்க.