சொந்தக் கிராமத்தில் நிம்மதியாகத் தங்க முதலில் சரிசெய்ய வேண்டியவை

பிறந்த ஊரிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தவர்களின் மனம் பெரிய காரணங்களால் மாறுவது குறைவு. குளிக்கப் போனால் தண்ணீர் இருக்காது, முக்கியமான வேலை நடுவில் கரண்ட் போகும், பேசிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் அறுந்துவிடும். இந்தச் சில்லறைத் தொல்லைகள்தான் சேர்ந்து சேர்ந்து டவுன் பக்கம் தள்ளும். ஆகவே மனதைத் தேற்றுவதற்கு முன் வீட்டைத் தேற்றுங்கள்.

கிணற்றிலிருந்து தொடங்கலாம். மழைக்காலத்தில் நிரம்பிக் கிடப்பதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. கோடையின் கடைசி வாரங்களில் கல் கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். மோட்டாரை ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை. இரவில் எவ்வளவு ஊறுகிறதோ அதுதான் கையில் இருக்கும் தண்ணீர். அதற்கு மேல் தினமும் இறைத்தால் சேறு கலங்கும், மோட்டார் காற்றை இழுத்துக் கெடும்.

குடிக்கும் கிணறு என்றால் மருந்து (பிளீச்சிங் பவுடர்) போடத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் நீரின் அளவு: கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை நீரின் ஆழத்தாலும் (எல்லாம் மீட்டரில்) 3.14-ஆலும் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீர் என்றால் சுமார் 14,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் 35 கிராம். அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, பிறகு முக்கால் வாளிக்கு நீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்கள். மேல்நீரை மட்டும் இன்னொரு வாளியில் சாய்த்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு உள்ளே போனால் நீரின் கடினத்தன்மை கூடும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் இறைக்க வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். கலங்கல் நீருக்கு இந்த அளவு பற்றாது. செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நெருக்கமாக இருந்தால் எத்தனை மருந்து போட்டும் பயனில்லை.

கரண்டுக்குக் கணக்கு எளிது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும். இன்வெர்ட்டர் இழப்பும் போக 750 வாட்-மணி தேறும். லேப்டாப் 60, மின்விசிறி 75, ரவுட்டர் 10, விளக்கு 10 என்று 155 வாட் போட்டால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. விசிறியைக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி (BLDC) வகைக்கு மாற்றினால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட இதுதான் புத்திசாலித்தனம். தண்ணீர் மோட்டாரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள்; கிளம்பும்போது பலமடங்கு மின்சாரம் இழுக்கும். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், அதுவும் முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்ற வேண்டும். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வழியும்.

சிக்னலுக்குப் போனின் கோடுகளை நம்பாமல், அதன் வலிமையைக் காட்டும் டிபிஎம் (dBm) எண்ணைப் பாருங்கள். 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 110-க்குக் கீழே போனால் திண்டாட்டம். தடித்த மண்சுவர் வீடுகளில் வெளியே கிடைப்பது உள்ளே வராது. கூரைமேல் ஆண்டெனா வைத்து, அதிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளைக் குட்டையாக இழுங்கள்.

மனிதர்கள் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். வீட்டிலிருந்தே வேலை செய்பவர் சும்மா இருக்கிறார் என்றுதான் ஊர் நினைக்கும். வேலை நேரத்தை உறவினர்களிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கோபமாகத் தெரியும். வேலை முடிந்ததும் நீங்களே நாலு வீட்டுக்குப் போய்வந்தால், நடுவில் வந்து கதவைத் தட்டுகிறவர்கள் குறைவார்கள். வேலி போடுவதற்கு முன் பக்கத்து நிலக்காரரை அருகில் வைத்துக்கொண்டே அளந்து, இருவரும் சேர்ந்து கல் நடுங்கள்.