வன்னி வெக்கையில் ஐஸ்

இரத்மலானையிலிருந்து பலாலிக்கு, நாலைந்து பேர் மாறிமாறி ஓட்டும் பழைய செஸ்னா 152 சிறு விமானத்தில் போய்க்கொண்டிருந்தேன். முதல்நாள் மாரிமழை கொட்டியிருந்தது. இரணைமடுக் குளம் கண்ணில் பட்ட நேரம், நிமிடத்துக்கு 2300இல் நின்ற இயந்திரச் சுற்று மெல்ல 2150க்கு இறங்கியது. நான் எதையும் தொடவேயில்லை. "கார்புரேட்டரில் ஐஸ், தம்பி" என்றார் பக்கத்திலிருந்த பயிற்றுநர். வன்னி வெக்கையிலா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில், எரிபொருள் ஆவியாகும்போதும், குறுகிய வழியில் காற்று விரையும்போதும் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் விழக்கூடும். ஈரக்காற்று இருந்தால் போதும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் பிடியை முழுதாக இழுத்தேன். சுற்று இன்னும் விழுந்து இயந்திரம் இருமியது. பயந்துபோய்ப் பிடியைத் திரும்பத் தள்ளப் பார்த்தேன்.

"கையை எடும். உருகிய தண்ணீரைத்தான் விழுங்குகிறது."

அரை நிமிடம் இருக்கும்; எனக்கு அது ஒரு மணி நேரம். பிறகு சுற்று ஏறியது. பிடியை உள்ளே தள்ளியதும் பழையபடி 2300.

இப்போது அந்தப் பிடியை அரைகுறையாக இழுப்பதில்லை. எரிபொருள் முள்ளையும் நம்புவதில்லை. தாங்கிக்குள் குச்சி விட்டு அளக்கிறேன். முந்தி ஓட்டியவர் பாதித் தாங்கியோடு விட்டுப்போனால் இரவில் உள்ளே ஈரம் படியும். அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, வெளிச்சத்தில் பிடித்துத் தண்ணீர் இல்லையென்று கண்ட பிறகுதான் ஏறுவது.