வெள்ளைக்கல் சுரங்கக் குவியலில் மரம் வளர்க்க: வேர்ப்பூசணத்திலிருந்து தொடங்குங்கள்

சேலத்தில் சேர்வராயன் மலையடிவாரத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களை ஒட்டிக் கழிவுக்கல் குவியல்கள் கிடக்கின்றன. அந்த மண்ணில் மக்னீசியம் மிக அதிகம், கால்சியம் குறைவு. கூடவே நிக்கல், குரோமியம். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அரிது. வெறும் கன்றை நட்டால் பெரும்பாலும் காய்ந்துபோகும். வேருக்குள் வாழும் நுண்ணிய பூஞ்சையான வேர் உட்பூசணத்தோடு சேர்த்து நட்டால் பிழைக்க வழி உண்டு. பூசண இழை வேர்த்தூவியைவிட மெல்லியது. வேர் நுழையாத இடுக்கிலிருந்தும் மணிச்சத்தை எடுத்துத் தந்து, செடியிடம் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். உலோகத்தில் ஒரு பகுதியைத் தன் இழைகளிலேயே பிடித்து வைக்கும்.

1. பூசணத்தைக் குவியலிலேயே தேடுங்கள்

உரக்கடையில் ‘வேம்’ (VAM, இந்த வேர் உட்பூசணத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்) என்று கேட்டால் பாக்கெட் கிடைக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்த மண்ணுக்குப் பழகிய பூசணம் அங்கேயே இருக்கிறது; சேலம் மேக்னசைட் குவியலில் தானாக வளர்ந்த செடிகளின் வேர்களில் அது இருப்பதை 1993-இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. சுரங்க நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஜனவரி வாக்கில் போங்கள். புல் முற்றியிருக்கும், மண்ணில் பூசணத்தின் விதைத்துகள்களும் நிறைய இருக்கும். நன்றாக வளர்ந்த புற்களின் அடியில் ஒரு சாண் ஆழத்துக்குள், சல்லிவேரோடு மண் எடுங்கள். தனியாகக் கொஞ்சம் மண்ணைப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள்.

2. சோளத்தில் பெருக்குங்கள்

உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணம் பெருகாது. மணலும் மண்ணும் சம அளவு கலந்து, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். தொட்டியில் முக்கால்வாசி நிரப்பி, கொண்டுவந்த மண்ணை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மேலே மெல்லிய மண் போட்டு, மருந்து கலக்காத சோளம் அல்லது மக்காச்சோளத்தை விதையுங்கள். சூப்பர் பாஸ்பேட் வேண்டாம். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்தைச் சேர்க்காது. கடுகும் ஆகாது, அதன் வேரில் இது ஒட்டாது.

சுமார் 3 மாதம் கழித்துத் தண்ணீரை நிறுத்துங்கள். பத்து நாளில் செடி வாடியதும் தட்டையை அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அதே மண்ணில் கலந்துகொள்ளுங்கள். இதுதான் உங்கள் பூசண உரம். நிழலில் வையுங்கள்.

3. நாற்றங்கால்

ஜூனில் வேம்பு, புங்கன் விதைகளைப் பைகளில் போடுங்கள். ஒவ்வொரு விதைக்கும் கீழே ஒரு கைப்பிடி பூசண உரம். விதைக்குக் கீழே இருந்தால்தான் இறங்கும் வேர் அதைத் தொடும்.

4. நடவு

செப்டம்பர் மழையில் நடுங்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, ஒன்றரை அடிக் குழியில் மட்கிய தொழுவுரமும், பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்சமும் இடுங்கள். ஜிப்சம் கால்சியத்தைக் கொடுத்து மக்னீசியத்தின் ஆதிக்கத்தைக் குறைக்கும். கன்றுகளுக்கு இடையே வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப்புல்லை நடுங்கள், மண் அரிக்காது. சீமைக் கருவேலம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த முறை நிக்கலையும் குரோமியத்தையும் அகற்றாது. அவை தூசியாகப் பறக்காமலும் ஓடைக்குப் போகாமலும் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஆகவே அங்கே கீரை, காய்கறி போடாதீர்கள். இலையைப் பரிசோதித்துப் பார்க்கும் வரை ஆடுமாடு மேயவும் விடாதீர்கள்.