மத்திய வங்கி ஆளும் குழுக் கூட்டம்: செயலக வேலையைச் சரியாகச் செய்வது எப்படி?

வட்டி விகித முடிவுதான் செய்தியாகிறது. ஆனால் ஒரு மத்திய வங்கியின் ஆளும் குழு முன் வரும் கோப்புகளில் பெரும்பகுதி வேறு வகை: ஆண்டுக் கணக்கு, தணிக்கை அறிக்கை, பணியாளர் விதித் திருத்தம், ஓய்வூதிய நிதி, கணினிக் கொள்முதல், கட்டடம், அதிகாரப் பகிர்வு. இவை அனைத்தும் குழுச் செயலகத்தின் மேசை வழியாகத்தான் போகும். அந்த மேசைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இது. தீர்மானமாக எழுதி உறுதிசெய்யப்பட்டதைத்தான் பிற்பாடு நீதிமன்றமும் தணிக்கையாளரும் குழுவின் முடிவு என்று ஏற்பார்கள். செயலகத்தின் உழைப்பு முழுவதும் அந்தச் சில வரிகளைச் சுற்றியே இருக்கிறது.

ஆண்டு நாட்காட்டி

சட்டம் சொல்லும் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934-இன் 13-ஆம் பிரிவு, மத்தியக் குழு (அந்த வங்கியின் ஆளும் குழு) ஆண்டுக்குக் குறைந்தது 6 முறையும், ஒவ்வொரு காலாண்டிலும் ஒரு முறையாவதும் கூட வேண்டும் என்கிறது. இவை இரண்டு தனி நிபந்தனைகள். ஆறு கூட்டம் நடத்திவிட்டு ஒரு காலாண்டைக் காலியாக விட்டால் சட்டமீறல்தான்.

அடுத்து, ஆண்டுக் கணக்கை ஏற்கும் கூட்டத்தைக் குறித்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி வையுங்கள். ரிசர்வ் வங்கியின் கணக்காண்டு மார்ச் 31-இல் முடிகிறது. சான்றளித்த கணக்கை இரண்டு மாதத்துக்குள் மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். அப்படியென்றால் மே மாதத்துக்குள் தணிக்கையாளர் கையெழுத்து, தணிக்கைக் குழு, ஆளும் குழு மூன்றும் முடிந்தாக வேண்டும். இதில் தணிக்கைக் குழுவுக்கும் ஆளும் குழுவுக்கும் நடுவே இரண்டு வேலை நாளாவது விடுங்கள். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று வைத்தால், தணிக்கைக் குழு கேட்ட திருத்தம் ஆளும் குழுவின் தாளில் ஏறாமலே போகும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னோக்கி எண்ணுங்கள். துறைகளின் வரைவு 20 நாள் முன்பு, சட்டத் துறை, நிதித் துறை கருத்து 14 நாள் முன்பு, தாள்கள் உறுப்பினர் கையில் 7 நாள் முன்பு. பிந்தி வரும் தாளை ஏற்பதா என்பதைத் தலைவர் எழுத்தில் முடிவு செய்யட்டும். செயலகம் வாய்வார்த்தையில் இளக்கம் காட்டத் தொடங்கினால் அடுத்த கூட்டத்துக்கு எல்லாத் துறையும் பிந்தும்.

நிகழ்ச்சி நிரல்

முடிவுக்கானவை, விவாதமின்றி ஒப்புதலுக்கானவை, தகவலுக்கானவை என மூன்றாகப் பிரியுங்கள். இரண்டாம் பட்டியலிலிருந்து எந்த உறுப்பினரும் ஒரு பொருளை வெளியே எடுத்து விவாதிக்கலாம் என்பது நிரலிலேயே அச்சாகியிருக்க வேண்டும். புதிய செலவோ, ஆளைத் தேர்ந்தெடுப்பதோ உள்ள எதையும் அந்தப் பட்டியலில் போடாதீர்கள். ‘தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள்’ என்ற கடைசி வரியில் பேச்சு நடக்கலாம், தீர்மானம் கூடாது. வராத உறுப்பினருக்கு அது பற்றி அறிவிப்பே போயிருக்காது என்பதால், பிற்பாடு எதிர்ப்பு வந்தால் அந்த முடிவு நிற்பது கடினம்.

குழுக் குறிப்பு

துறை ஒரு பொருளை முடிவுக்காகக் குழு முன் வைக்கும் தாள் இது. வேலையில் பாதி இங்கேதான். துறைகள் வழக்கமாகப் பின்னணியிலிருந்து எழுத ஆரம்பித்து, எட்டாம் பக்கத்தில் வேண்டுகோளுக்கு வருவார்கள். நீங்கள் தீர்மானத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள். இப்படி ஒரு வரைவு வரும்:

“ஓய்வூதிய நிதி விதிகளில் முன்மொழியப்பட்ட திருத்தங்களுக்குக் குழு ஒப்புதல் அளித்தது.”

இதில் எந்தத் திருத்தம், எப்போதிலிருந்து, யார் நிறைவேற்றுவது என்று எதுவும் இல்லை. இதையே இப்படி ஆக்குங்கள்:

“சட்டத்தின் இன்ன பிரிவு தரும் அதிகாரத்தின்படி, ஓய்வூதிய நிதி விதிகள் 7, 11 ஆகியவற்றை இணைப்பு 2-இல் உள்ளவாறு திருத்தவும், திருத்தம் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரவும், அறிவிக்கை வெளியிட மனிதவளத் துறைத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கவும் குழு தீர்மானித்தது.”

அதிகாரம், வாசகம், தேதி, பொறுப்பாளர் ஆகிய நான்கும் இருந்தால் தீர்மானம் தன் காலில் நிற்கும். இதை எழுத முடியவில்லை என்றால் அந்தப் பொருள் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம், துறைக்கே திருப்புங்கள்.

குறிப்பு நான்கு பக்கத்துக்குள் இருக்கட்டும், மற்றவை இணைப்பில். குழு இதற்கு முன் இதே பொருளில் எடுத்த முடிவின் எண்ணும் தேதியும், மொத்தச் செலவும் (முதல் ஆண்டுச் செலவு மட்டுமல்ல), சட்டத் துறையின் கருத்தும், மாற்று வழி ஏன் தள்ளப்பட்டது என்பதும் கட்டாயம். எந்த முடிவை எந்த மட்டத்தில் எடுக்கலாம் என்று சொல்லும் அதிகாரப் பகிர்வு அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். வங்கி ஆளுநர் மட்டத்தில் முடிய வேண்டியது குழுவுக்கு வந்து நேரத்தைத் தின்னும். சட்டம் குழுவுக்கே என்று ஒதுக்கியதை அதிகாரி முடித்துவிட்டு ‘பின்னேற்பு’ (முடிந்த செயலுக்குப் பிறகு தரும் ஒப்புதல்) கேட்பதும் நடக்கும். இரண்டாவது அபாயமானது. எல்லாக் குறையையும் பின்னேற்பு குணப்படுத்திவிடாது.

அடிக்கடி நேரும் கோளாறு இணைப்பின் பதிப்பு மாறிப்போவது. தாள் அனுப்பிய பிறகு துறை ஓர் அட்டவணையைத் திருத்தித் தரும். பாதி உறுப்பினர் பழையதைப் படித்திருப்பார்கள். அனுப்பிய நாளோடு கோப்பைப் பூட்டிவிடுங்கள். மாற்றுப் பக்கம் தவிர்க்க முடியாவிட்டால், எந்தப் பக்கத்துக்கு மாற்று, எந்தத் தேதி என்று அதன் தலையில் எழுதி, பழைய பக்கத்தையும் கோப்பில் வையுங்கள்.

நலமுரண்

குழு முன் உள்ள பொருளில் உறுப்பினருக்குச் சொந்த நலன் இருப்பதே நலமுரண். அதை அறிய, ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பும் பதிவேடு போதாது. நிரலை மட்டும் முதலில் அனுப்பி, எந்தப் பொருளில் தமக்குத் தொடர்பு உண்டு என்று உறுப்பினர்களிடம் கேளுங்கள். பதில் வந்த பிறகே தாள்கள் போகட்டும். கூட்டத்தில் எழுந்து வெளியே போன உறுப்பினர் அந்தத் தாளை ஒரு வாரமாகப் படித்திருந்தால் விலகியதற்குப் பொருளே இல்லை. அவர் வெளியேறிய நேரமும் திரும்பிய நேரமும் பதிவாக வேண்டும்.

கோரம்

கோரம் (quorum) என்பது முடிவெடுக்கக் கூட்டத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை. அதைத் தொடக்கத்தில் எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு தீர்மானத்தின்போதும் எண்ண வேண்டும். தலையெண்ணிக்கையோடு யார் என்பதையும் பாருங்கள். வட்டி விகிதத்தை முடிவு செய்யும் இந்தியாவின் பணக்கொள்கைக் குழுவுக்குக் கோரம் 4; அவர்களில் ஒருவர் ஆளுநராகவோ, அவர் இல்லாதபோது குழுவில் உள்ள துணை ஆளுநராகவோ இருக்க வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆளும் குழுவில் 2015 ஜனவரி முதல் தேசிய வங்கி ஆளுநர்களின் வாக்குரிமை சுழற்சியில் வருகிறது. வாக்குரிமை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இருந்தால்தான் வாக்கெடுப்பு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில், இம்மாதம் வாக்கு யாருக்கு என்ற பட்டியல் வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். காணொளியில் இணைபவர்களுக்கு இணைந்த, துண்டிக்கப்பட்ட நேரங்களைக் குறியுங்கள்.

சுற்றுக்கு விட்டு எடுக்கும் முடிவு

கூட்டம் கூடாமல், தாளை உறுப்பினர்களுக்கு அனுப்பி எழுத்தில் ஒப்புதல் பெறும் வழி இது. கூட்டம் வரை காத்திருக்க முடியாத, விவாதம் தேவைப்படாத பொருளுக்கு மட்டும். ஐரோப்பிய மத்திய வங்கியின் நடைமுறை விதிகள் இதற்கு வழக்கமாக 5 வேலை நாள் தருகின்றன; மூன்று உறுப்பினர் எதிர்த்தால் இந்த வழியே கூடாது; அடுத்த கூட்டத்தின் குறிப்பில் முடிவு பதிவாக வேண்டும். உங்கள் விதி மௌனத்தைச் சம்மதம் என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை, பதில் வராத உறுப்பினரை ஆதரவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். தீர்மானத்தின் தேதி கடைசித் தேவையான ஒப்புதல் வந்த நாள், சுற்றுக்கு விட்ட நாள் அல்ல.

நடவடிக்கைக் குறிப்பு

கூட்டத்தின் எழுத்துப் பதிவு இதுதான். கூட்டம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் இதன் வரைவு தலைவரிடம் போக வேண்டும். அதற்கு மேல் போனால் நினைவு கதை எழுத ஆரம்பிக்கும். முடிவு, அதற்குக் குழு கொண்ட காரணம், கேட்கப்பட்ட முக்கியக் கேள்வியும் தரப்பட்ட பதிலும், மாற்றுக் கருத்து பதிவாக வேண்டும் என்று உறுப்பினர் கேட்டிருந்தால் அவர் பெயருடன் அது — இவ்வளவு போதும். யார் எவ்வளவு நேரம் பேசினார் என்பது வேண்டாம். ‘நீண்ட விவாதத்துக்குப் பின்’ என்ற தொடரை அடித்துவிட்டு, விவாதம் எதைப் பற்றி என்று ஒரு வரி எழுதுங்கள்.

பணக்கொள்கைக் கூட்டத்தின் பதிவு தனி வகை. அதன் வடிவத்தை இங்கே கொண்டுவந்து குழப்ப வேண்டாம். இந்தியாவில் அது 14-ஆம் நாள் வெளியாகிறது, ஒவ்வொருவர் வாக்கும் அறிக்கையும் பெயரோடு. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் மூன்று வாரம் கழித்து வெளியிடுகிறது. ஐரோப்பிய மத்திய வங்கி நான்கு வாரம் எடுத்துக்கொள்கிறது, பெயர் சொல்லாமல்.

அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதிசெய்யும்போது, பதிவில் உள்ள பிழையை மட்டுமே திருத்தலாம். முடிவையே மாற்ற விரும்பும் உறுப்பினருக்குப் புதிய தீர்மானம்தான் வழி. கையெழுத்துக் குறிப்புகளையும் ஒலிப்பதிவையும் எத்தனை நாள் வைப்பது என்பதற்கு எழுதிய விதி முன்கூட்டியே இருக்கட்டும். தகவல் கேட்டு மனு வந்த பிறகு அழித்தால் அது வேறு வழக்காகிவிடும்.

தொடர் நடவடிக்கை

தலைவர் ஏற்ற தீர்மானத்தின் சான்றளித்த நகலை அடுத்த வேலை நாளே துறைக்கு அனுப்புங்கள், குறிப்பு இன்னும் உறுதிசெய்யப்படவில்லை என்ற அடிக்குறிப்புடன். நடவடிக்கை அட்டவணையில் தீர்மான எண், பொறுப்பாளரின் பதவி, கெடு, சான்று என நான்கு நெடுவரிசை வையுங்கள். ‘நடவடிக்கையில் உள்ளது’ என்ற பதிலை ஏற்காதீர்கள். அடுத்த படி என்ன, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். அறிவிக்கை நகலோ, கையெழுத்தான ஒப்பந்தமோ, கணக்கில் ஏறிய பதிவோ கைக்கு வந்த பிறகே வரிசையை மூடுங்கள். இரண்டு கூட்டம் தாண்டியும் திறந்திருப்பவை அட்டவணையின் மேலே போகட்டும், கெடு முதலில் எந்தத் தேதி என்பதையும் அழிக்காமல்.