அயர்லாந்து மூதாதையைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் வழியாக அமெரிக்காவுக்குள் முதலில் அனுமதிக்கப்பட்டவர், நெவாடா என்ற கப்பலில் தம்பிகள் இருவருடன் வந்திறங்கிய ஆனி மூர் என்ற அயர்லாந்துப் பெண். அவர் பிற்காலத்தில் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்து, 1923இல் விபத்தொன்றில் இறந்தார் என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அந்த டெக்சாஸ் குடும்பத்தினர் நினைவு விழாக்களுக்கும் அழைக்கப்பட்டனர். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் பழைய ஆவணங்களைச் சரிபார்த்தபோது, டெக்சாஸில் வாழ்ந்த ஆனி மூர் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர், அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவரே அல்லர் என்பது தெரியவந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கிலேயே மணமுடித்து, 1924இல் அங்கேயே இறந்து, குவீன்ஸ் பகுதியின் கல்லறைத் தோட்டமொன்றில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டிருந்தார் என்பது 2006இல் உறுதியானது. அன்றைய செய்தித்தாள்கள் 15 என்று எழுதிய அவருடைய வயதும் உண்மையில் 17.

இவ்வளவு புகழ்பெற்ற ஒருவருக்கே பெயர் ஒற்றுமையால் இந்தக் கதி என்றால், மூதாதையின் பெயர் ஜான் மர்ஃபி என்றோ மேரி கெல்லி என்றோ அமைந்துவிட்டவர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேரே அயர்லாந்துப் பதிவேடுகளுக்குள் இறங்குவதுதான் இந்தத் தேடலின் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. முதலில் வேண்டியது அவர் புறப்பட்ட ஊர். அந்த ஊரின் பெயர் அயர்லாந்தில் கிடைப்பதைவிட, அவர் குடியேறிய நாட்டின் ஆவணங்களில் கிடைக்கும் வாய்ப்பே அதிகம்.

அமெரிக்கக் கணக்கெடுப்புகள் இதற்கு ஓரளவுக்குத்தான் உதவும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோர் நீங்கலாக, ஒரு வீட்டில் வசித்த அனைவரின் பெயரையும் எழுதிய முதல் கணக்கெடுப்பு 1850இல் நடந்தது. வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது 1880இலிருந்துதான் குறிக்கப்பட்டது. அதற்கு முந்திய தாள் ஒன்றில் வயதான பெண்ணொருத்தியைக் கண்டதும் தாய் என்று எழுதிக்கொள்பவர்கள், அவர் அத்தையாகவோ, மாமியாராகவோ, வாடகைக்குத் தங்கியவராகவோ இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தில் அழிந்துபோனதால், 1880க்கும் 1900க்கும் இடையே இருபது ஆண்டு இடைவெளி விழுகிறது. 1900ஆம் ஆண்டுத் தாள் குடியேறிய ஆண்டையும் பிறந்த மாதத்தையும் தருகிறது. ஆனால் பிறந்த இடம் என்ற கட்டத்தில் இவை எல்லாவற்றிலும் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும்.

ஆகவே கணக்கெடுப்போடு நின்றுவிடாமல், கல்லறைக் கல்வெட்டு, இரங்கல் அறிவிப்பு, புகுந்த நாட்டில் நடந்த தேவாலயத் திருமணப் பதிவு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். பாஸ்டனில் வெளிவந்த ‘பைலட்’ என்ற கத்தோலிக்க இதழ், 1831 முதல் பல பத்தாண்டுகள், காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. தம்பியைத் தேடும் அக்காள் தன் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) பெயரையும் சிற்றூரின் பெயரையும் அதில் எழுதியிருப்பார். 1850இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட எமிகிரன்ட் சேமிப்பு வங்கி, கணக்கு வைத்திருந்தவரை அடையாளம் காண்பதற்காக அவர் பிறந்த இடம், வந்த கப்பல், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகிய விவரங்களைக் கேட்டுப் பதிந்து வைத்தது. குடியுரிமைத் தாள்களைப் பொறுத்தவரை, 1906 செப்டம்பருக்குப் பிந்தியவற்றில்தான் பிறந்த ஊர் ஒழுங்காக இருக்கும். அதற்கு முந்திய பலவற்றில் விக்டோரியா மகாராணிக்கான விசுவாசத்தைத் துறந்த வாசகத்துக்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதைகளை அப்படியே ஏற்பதும் ஆபத்தானது. ‘எல்லிஸ் தீவு அதிகாரிதான் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்’ என்ற கதைக்கு ஆதாரமில்லை; அங்கிருந்த எழுத்தர்கள் கப்பல் நிறுவனம் தயாரித்துக் கொண்டுவந்த பயணிகள் பட்டியலை வைத்தே சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் பிறகு, குடியேறியவரின் விருப்பத்தாலேயே. 1840களின் பெரும்பஞ்சக் காலத்தில் வந்தவர்களுக்கோ எல்லிஸ் தீவோடு தொடர்பே கிடையாது. அதுபோல, ‘பாட்டனார் குவீன்ஸ்டவுன்காரர்’ என்று குடும்பம் சொன்னால், அது அவர் கப்பலேறிய துறைமுகமாக மட்டும் இருக்கலாம். இன்று கோவ் என்று அழைக்கப்படும் அந்த ஊர் 1849 முதல் 1920 வரை குவீன்ஸ்டவுன் என்ற பெயரில் இருந்தது என்பதால், பழைய பெயரை இன்றைய வரைபடத்தில் தேடுபவர்கள் கூடுதலாக ஒரு சுற்று அலைகிறார்கள். இன்றைய லீஷ், ஆஃபலி கவுண்டிகள் (மாவட்டம் போன்ற பகுதிகள்) முறையே குவீன்ஸ் கவுண்டி, கிங்ஸ் கவுண்டி என்று வழங்கியதும் இதே வகைச் சிக்கல்தான்.

ஊரின் பெயர் கிடைத்தவுடன் வேறொரு குழி காத்திருக்கிறது. அயர்லாந்தில் நிலப்பகுப்பின் மிகச் சிறிய அலகு டவுன்லேண்ட். அவை அறுபதாயிரத்துக்கும் மேல் உள்ளன. நம்மூரில் புதூர் என்ற பெயர் மாவட்டந்தோறும் இருப்பதைப் போல, அங்கே கில்மோர் என்ற பெயர் பல கவுண்டிகளில் திரும்பத் திரும்ப வரும். டவுன்லேண்டுகள் சேர்ந்தது அரசு நிர்வாகத்துக்கான சிவில் பங்கு. கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கோ அதனின்று வேறுபட்டது. இரண்டுக்கும் எல்லை ஒன்றல்ல, சில இடங்களில் பெயரும் ஒன்றல்ல. இவை போதாதென்று, 1838ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வறியோர் நிவாரண ஒன்றியங்கள் கவுண்டி எல்லைகளையே தாண்டிச் சென்றன. பிற்காலப் பிறப்பு இறப்புப் பதிவு மாவட்டங்கள் இந்த ஒன்றியங்களின் எல்லையைத்தான் பின்பற்றின. ஒரு கவுண்டியில் பிறந்தவரின் சான்றிதழ் பக்கத்துக் கவுண்டி நகரத்தின் பெயரில் இருப்பது இதனால்தான். எனவே எந்த ஆவணத்தைப் பார்ப்பதாக இருந்தாலும், அது எந்த வகைப் பகுப்பின்படி அடுக்கப்பட்டது என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

‘1922இல் எல்லாம் எரிந்துவிட்டது’ என்று சொல்லித் தேடலைக் கைவிடுவது எதிர்த்திசைத் தவறு. டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் அழிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் சிதறல்கள் தவிர மற்றவை போயின என்பது உண்மையே. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அதற்கு முன்பு அழித்திருந்தது. அவற்றில் கடைசி இரண்டும் முதல் உலகப் போர்க்காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. அங்கிருந்த அயர்லாந்து ஆங்கிலிக்கத் திருச்சபைப் பதிவேடுகளும் பெருமளவு அழிந்தன. ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பித்தன. ஏறத்தாழ 1880 வரையிலான அவற்றின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக உள்ளன. அழிந்த கணக்கெடுப்புகளின் இடத்தை, 1847க்கும் 1864க்கும் இடையே வெளியான கிரிஃபித் நில மதிப்பீடு ஓரளவு நிரப்புகிறது. அது நிலத்தைப் பிடித்திருந்தவரின் பெயரை மட்டுமே சொல்லும், மனைவி மக்களைச் சொல்லாது. அதில் பெயரில்லாத கூலித் தொழிலாளியோ மூத்த மகனோ ஊரிலேயே இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

பங்குப் பதிவேட்டைத் திறந்த பின்புதான் பொறுமை சோதிக்கப்படும். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவொன்றில் பொதுவாக நாள், குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பெயரோடு அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், ஞானப்பெற்றோர் இருவரின் பெயர்கள் இருக்கும். அதிர்ஷ்டமிருந்தால் டவுன்லேண்டும் இருக்கும். பல குருக்கள் லத்தீனில் எழுதியதால் ஜேம்ஸ் ‘ஜேக்கோபுஸ்’ ஆகிவிடுவார், வில்லியம் ‘குலியெல்முஸ்’ ஆகிவிடுவார். ஊரில் டார்பி என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் ஜெரமையாவாக இருப்பார். பிரிஜிட் என்று திருமுழுக்குப் பெற்றவர் அமெரிக்கா சென்றபின் டீலியாவாகியிருப்பார். ஓ’சல்லிவன் தன் முன்னொட்டை உதிர்த்துச் சல்லிவனாகவோ, மகன் காலத்தில் அதை மீண்டும் சேர்த்தோ தோன்றுவார். தேடுபொறியில் ஒரே எழுத்துக்கூட்டைத் தட்டி, இல்லை என்று வந்ததும் மூடிவிடுவது பெருந்தவறு. இணையப் பட்டியல்கள் மங்கிய கையெழுத்தைப் பிறர் படித்து எழுதியவை. சந்தேகம் வந்தால் படத்தையே பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். மேற்குக் கவுண்டிகளின் பல பங்குகளில் பதிவேடே 1830கள், 1840களுக்குப் பின்புதான் தொடங்குகிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் வீண் தேடல் மிச்சம். திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கிலேயே நடக்கும் என்பதால், கணவனின் ஊரில் மட்டும் தேடுபவர் கைக்கு எட்டிய பதிவைத் தவறவிடுகிறார்.

வயதை நம்பவே கூடாது என்று நான் சொல்வேன். 1901இல் 55 என்று எழுதியவர் 1911இல் 70 என்று எழுதியிருந்தால் அவர் வேறொருவர் என்று ஒதுக்க வேண்டாம். 70 வயதானோருக்கான முதியோர் ஓய்வூதியம் 1909 ஜனவரியில் வழங்கப்படத் தொடங்கியது என்பதே அந்த வேகமான முதுமைக்குக் காரணமாக இருக்கக்கூடும். 1864இல் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கிய பிறகு, தாமதத்துக்கான அபராதத்துக்கு அஞ்சிய பெற்றோர் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னதால், குழந்தை பிறப்பதற்கு முன்பே திருமுழுக்குப் பெற்றதாகக் காட்டும் பதிவுகளும் உண்டு. இரண்டில் திருமுழுக்கு நாளையே நம்பலாம்.

இத்தனையும் கடந்து, பெயரும் ஆண்டும் பங்கும் பொருந்துகிற ஒரு பதிவு கிடைக்கும்போதுதான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயர் என்ற வழக்கம் பரவலாக இருந்ததால், ஒரே பாட்டனாரின் பேரர்கள் நால்வர் ஒரே பெயரோடு, ஒரே பங்கில், ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குள் பிறந்திருப்பது அங்கே சாதாரணம். தனி மனிதரைத் தேடாமல் கூட்டத்தைத் தேட வேண்டும்: உடன்பிறந்தோர், ஞானப்பெற்றோர், குடியேறிய நகரில் பக்கத்து வீட்டில் வசித்த அதே ஊர்க்காரர்கள் ஆகியோரின் பெயர்கள் இரு கரைகளிலும் ஒத்துப்போனால் மட்டுமே நம்பிக்கை வைக்கலாம். அதோடு, கண்டெடுத்தவரை அவரல்லர் என்று நிரூபிக்கவும் முயல வேண்டும். அந்தக் குழந்தை சிறுவயதிலேயே இறந்ததாக இறப்புப் பதிவு உண்டா, அதே பங்கில் பின்னாளில் மணமுடித்தாரா, 1901 கணக்கெடுப்பில் அதே டவுன்லேண்டில் மனைவி மக்களோடு உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்து, எங்கும் அகப்படவில்லை என்றால் மட்டுமே அவரைக் குடும்ப மரத்தில் எழுதலாம், அதுவும் பென்சிலால்.