ஜிப்சியின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உயர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி ஜிப்சி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் பட்டா ஸ்பிரிங்குகள் ஆக்ஸிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, கீழே அமைந்திருந்தன. அவற்றை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றினால் வண்டி ஏறத்தாழ 5 அங்குலம் உயர்கிறது, பெரிய டயர்களுக்கும் இடம் கிடைக்கிறது. ஆனால் சேசிஸுக்குக் கீழே தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) அப்படியேதான் தொங்குகிறது. மேட்டின் முகட்டில் வண்டி மாட்டிக்கொள்ளும்போது முதலில் பாறையில் உட்காருவதும் அதுதான். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றைச் சேசிஸுக்குள் மேலே தூக்கி வயிற்றுப் பகுதியைத் தட்டையாக்கும் எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

எண்ணம் நல்லதுதான். ஜிப்சியின் சக்கர இடைவெளி 2,375 மி.மீ. வயிறு தரையிலிருந்து 250 மி.மீ. உயரத்தில் இருந்தால் வண்டி ஏறத்தாழ 24 டிகிரி முகட்டைக் கடக்கும், 300 மி.மீ. ஆக்கினால் அது 28 டிகிரிக்குச் சற்று மேலே போகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் "இரண்டு அங்குலம் தூக்கிவிடுங்கள்" என்று பட்டறையில் சொல்லிவிட்டு வருவதே முதல் தவறு. எவ்வளவு உயர்த்துவது என்பதை ஒரு வட்டமான எண் முடிவு செய்யக் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் அடிப்பகுதி சேசிஸ் சட்டத்தின் அடிவிளிம்புக்குக் கீழே எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்பதே முடிவு செய்ய வேண்டும். அதற்கு மேல் தூக்குவதால் வயிற்றுக்கு எந்தப் பயனும் இல்லை, சக்தியைக் கடத்தும் ஷாஃப்டுகளுக்குத்தான் கேடு.

அந்தக் கேட்டைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதில்லை. தனியாகச் சேசிஸில் ரப்பர் மவுண்டிங்குகளில் தொங்குகிறது, இரண்டையும் ஒரு குட்டை ஷாஃப்ட் இணைக்கிறது. இந்த அமைப்பைப் பார்த்தவுடன், எஞ்சினைத் தொடாமல் டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் உயர்த்திவிடலாம் என்று பலருக்கும் தோன்றுகிறது. ஷாஃப்ட் குட்டையாக இருக்க இருக்க, அதே உயர்வுக்குக் கோணம் வேகமாக ஏறும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 300 மி.மீ. நீளமுள்ள ஷாஃப்டின் ஒரு முனையை 50 மி.மீ. உயர்த்தினால் கோணம் 9 டிகிரிக்கு மேல் மாறிவிடும். ஷாஃப்டின் முனையிலுள்ள மடங்கும் மூட்டான யூ ஜாயிண்ட் கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரு முனைகளின் கோணங்களும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிசெய்யும். ஆகவே எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் ஒரே கோட்டில் சேர்த்துத்தான் உயர்த்த வேண்டும். கியர்பாக்ஸின் வாலை மட்டும் தூக்கி எஞ்சினின் முன்பக்கத்தை அதன் பழைய மவுண்டிங்கிலேயே விட்டுவிடுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான். அதில் எஞ்சின் மூக்குக் குப்புறச் சாய்ந்து, விசிறி கீழே இறங்கி, மவுண்டிங் ரப்பர்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

பின் ஷாஃப்டின் நிலை இன்னும் கடினமானது. வண்டி ஏற்கெனவே உயர்த்தப்பட்டிருப்பதால் அந்த ஷாஃப்ட் செங்குத்தை நோக்கிச் சாய்ந்துவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸை மேலும் தூக்குவது அதே திசையில் இன்னும் தள்ளுவதாகும். 15 டிகிரிச் சரிவில் உள்ள 700 மி.மீ. ஷாஃப்டின் மேல்முனையை 50 மி.மீ. உயர்த்தினால் கோணம் ஏறத்தாழ 4 டிகிரி கூடுகிறது, ஷாஃப்ட் 14 மி.மீ. அளவுக்கு நீள வேண்டியும் வருகிறது. அந்த நீளத்தை ஸ்பிளைனிலிருந்து (ஷாஃப்டில் ஒன்றினுள் ஒன்று நகரும் பல்வரி இணைப்பு) இழுத்துக்கொள்வதால் பிடிமானம் குறைகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் முழுமையாகத் தொங்கும் தருணத்தில் ஸ்பிளைன் கழன்று வந்துவிடும் அபாயம் இதனால்தான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் முழுக்கத் தொங்கிய நிலையில் ஸ்பிளைனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்த பிறகே ஷாஃப்டை நீட்டக் கொடுக்க வேண்டும். நீட்டி வந்த ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (யூ ஜாயிண்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வரிசையில் நிற்கின்றனவா, பேலன்ஸ் பார்க்கப்பட்டதா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

கோணத்தைக் குறைப்பதற்காக ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைத்து டிஃபரன்ஷியலின் (ஆக்ஸிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கை மேலே திருப்புவது வழக்கம். (பேச்சு வழக்கில் ஆப்பு வைப்பதற்கு உள்ள பொருளும் சில வேளைகளில் உண்மையாகிவிடுகிறது.) இரு முனையிலும் ஒற்றை யூ ஜாயிண்ட் உள்ள ஷாஃப்டில், மூக்கை டிரான்ஸ்ஃபர் கேஸை நேராகப் பார்க்கும்படி திருப்பினால் கீழ்முனைக் கோணம் பூஜ்யமாகி, மேல்முனைக் கோணம் அப்படியே நிற்கும்; அதிர்வு முன்னைவிட மோசமாகும். மூக்கை அப்படி நேராகத் திருப்பும் முறை மேல்முனையில் இரட்டை ஜாயிண்ட் உள்ள ஷாஃப்டுக்கு மட்டுமே பொருந்தும். முன் ஆக்ஸிலில் மூக்கை மேலே திருப்பினால் காஸ்டர் (ஸ்டீயரிங்கை நேராக நிறுத்த உதவும், சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையத் தொடங்கும். போல்ட் ஒன்றைக்கூடக் கழற்றுவதற்கு முன், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கொத்தனார் ரசமட்டத்தையும் கோணமானியையும் வைத்து எல்லாக் கோணங்களையும் சுண்ணக்கட்டியால் சேசிஸிலேயே எழுதி வைப்பது என் பழக்கம். தாளில் எழுதினால் கிரீஸ் கையோடு தாளும் போய்விடுகிறது.

என் முதல் முயற்சியில் நான் ஏமாந்தது ரேடியேட்டர் விசிறியில். எஞ்சினை 25 மி.மீ. உயர்த்தியிருந்தேன், ஷெட்டில் ஐடிலிங்கில் எல்லாம் சரியாகவே சுழன்றது. மணல் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திய கணத்தில் எஞ்சின் மவுண்டிங்கில் குலுங்கி, விசிறியின் இறகு கவுலின் (விசிறியைச் சுற்றியுள்ள உறை) மேல்விளிம்பைச் சீவிக்கொண்டு போனது. எஞ்சின் உயர்ந்தால் விசிறியும் உயரும். கவுலையோ ரேடியேட்டரையோ அதே அளவு உயர்த்த வேண்டும், இல்லையேல் மின்விசிறிக்கு மாற வேண்டும். கவுலைக் கழற்றி எறிந்துவிடுவது தீர்வல்ல, மெதுவாக ஊரும் பாதையில் எஞ்சின் சூடேறுவது அப்போதுதான்.

பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. ஏர் கிளீனர், வால்வ் கவர் ஆகியவற்றின் உயரமான இடங்களில் சப்பாத்தி மாவு உருண்டைகளை வைத்து, மேலே பாலித்தீன் போட்டு, பானெட்டை அழுத்தி மூடித் திறந்து, நசுங்கிய மாவைப் பிளேடால் வெட்டி அளந்தால் உண்மை அளவு கிடைத்துவிடும். எஞ்சின் குலுங்குவதையும் சேர்த்துக் குறைந்தது 25 மி.மீ. இருப்பது நல்லது. வண்டிக்குள் கியர் லீவரும் டிரான்ஸ்ஃபர் லீவரும் தரைத்தகட்டின் துளை விளிம்பில் இடிக்கிறதா என்று ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். லீவர் விளிம்பில் முட்டி நின்றால் கியர் முழுமையாக விழாது, இறக்கத்தில் தானாகக் கழன்று கொள்ளும். கிளட்ச் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ்கள், எர்த் பட்டை, சைலன்சரின் முன்குழாய் ஆகியவை இழுபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மவுண்டிங்குக்கு அடியில் வாஷர்களை அடுக்கி உயரம் கொடுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. நீண்ட போல்ட் பக்கவாட்டு விசையில் வளையும், துளை அகலும், ஒருநாள் வெட்டுப்படும். கனமான தகட்டில் புதிய பிராக்கெட் செய்து, சேசிஸில் வலுத்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். எம்பிஎஃப்ஐ (மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும்) வண்டியானால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் இணைப்பையும் பிரித்துவிட வேண்டும்.

சட்டத்தை மறப்பதும் ஒரு தவறே. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மவுண்டிங்கை உயர்த்தியது வெளியே தெரியாது என்று சொல்வோர் உண்டு. அதோடு சேர்ந்து வரும் ஸ்பிரிங்கும் டயரும் தூரத்திலிருந்தே தெரியும். இப்படிப்பட்ட வண்டியைப் போட்டிக் களத்துக்கு லாரியில் ஏற்றிச் செல்வதே முறை.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு மவுண்டிங் போல்ட்டிலும் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட்டிலும் நட்டையும் தகட்டையும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்து அடியில் படுத்துப் பார்க்கும்போது எந்தக் கோடு உடைந்திருக்கிறதோ அந்த போல்ட்டிலிருந்து மறுபடி தொடங்கலாம்.